குடும்ப வைத்தியர், ஆனால் வேலை எமர்ஜென்சியில்: வேறு நாட்டில் செல்லுமா? அடிக்கடி வரும் கேள்விகள்

நல்லூரில் கொடியேறும் நாட்களில் கனடாவிலிருந்து சனம் வந்து இறங்கும். என் கிளினிக்குக்குப் பிரஷர் பார்க்க வருகிறவர்கள் கையில் பட்டியைக் கட்டி முடிப்பதற்குள் பிள்ளையின் படிப்பைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: கனடாவில் குடும்ப வைத்தியராகப் படித்து எமர்ஜென்சியில் வேலை செய்பவரின் தகுதி வேறு நாட்டில் செல்லுமா? அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. நான் யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் படித்தவன், சில வருடம் நியூசிலாந்தில் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். பதில்களில் என் அபிப்பிராயமும் கலந்திருக்கும்.

"மகள் ரொறொன்ரோவில எமர்ஜென்சி டொக்டர் எண்டு சொல்லுறா. படிச்சது ஃபமிலி மெடிசின் எண்டும் சொல்லுறா. எது உண்மை, தம்பி?"

இரண்டும் உண்மை, அன்ரி. கனடாவில் மருத்துவப் பட்டம் முடித்தவர் குடும்ப மருத்துவத்தில் 2 வருடம் பயிற்சி எடுத்து, கனடியக் குடும்ப வைத்தியர் கல்லூரியின் பரீட்சையில் தேறினால் சி.சி.எஃப்.பி. என்ற தகுதி கிடைக்கும். அதற்குமேல் விருப்பமுள்ளவர்கள் அவசர மருத்துவத்தில் மட்டும் இன்னும் 1 வருடம் பயிற்சி எடுத்து வேறொரு பரீட்சை எழுதலாம். இடங்கள் குறைவு, போட்டி கடுமை. தேறினால் பெயருக்குப் பின்னால் சி.சி.எஃப்.பி. என்று போட்டு, பக்கத்தில் ஈ.எம். என்று இரண்டு எழுத்தும் சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் மகள் எடுத்தது அதுதான்.

ஏன் இப்படி ஒரு ஏற்பாடு என்று விளங்க நெடுந்தீவை நினைத்துப் பாருங்கள். அங்கே இரவு ஒருவருக்கு நெஞ்சு வலி வந்தால், குறிகட்டுவானுக்குப் படகில் கொண்டுவந்து, பிறகு வாகனத்தில் யாழ்ப்பாணம் போகவேண்டும். அதுவரை உயிரைப் பிடித்து வைத்திருக்க வேண்டியவர் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் நிற்கும் ஒரே டொக்டர். பகலில் சளி இருமல் பார்ப்பவரும் அவரே. கனடாவில் இந்த நெடுந்தீவுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, கடலுக்குப் பதில் பனி. எல்லா ஊருக்கும் ஒரு முழுநேர அவசர மருத்துவ நிபுணரை அனுப்ப அந்த நாட்டால் முடியாது. எனவே குடும்ப வைத்தியருக்கே கூடுதல் பயிற்சி கொடுத்தார்கள். 1980களின் தொடக்கத்தில் ஆரம்பித்த இந்த வழி பிறகு நகரங்களுக்கும் பரவிவிட்டது. இன்று ரொறொன்ரோவின் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் இவர்கள் இருக்கிறார்கள்.

அப்படியென்றால் 5 வருடம் படித்த எமர்ஜென்சி நிபுணர் என்று சொல்கிறார்களே, அவர் யார்?

அது கனடாவில் நிபுணர்களுக்குத் தகுதி கொடுக்கும் றோயல் கல்லூரியின் பாதை, தகுதியின் பெயர் எஃப்.ஆர்.சி.பி.சி. பட்டம் முடிந்ததும் நேராக அவசர மருத்துவத்தில் 5 வருடம். ஆராய்ச்சி, கற்பித்தல், நச்சியல் போன்ற உட்பிரிவுகளுக்கு அதில் நேரம் உண்டு. பல்கலைக்கழக ஆஸ்பத்திரிப் பதவிகளில் அவர்களுக்கு முன்னுரிமை கிடைப்பதும் உண்டு. ஆனால் இரவு 2 மணிக்கு விபத்தில் அடிபட்டவர் கட்டிலில் கிடக்கும்போது, கனடாவில் இந்த இருவரும் ஒரே றோஸ்ரரில், ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். வித்தியாசம் தெரிய வருவது எல்லையைத் தாண்டும்போதுதான்.

சரி, வேறு நாட்டுக்குப் போனால் வேலை செய்யலாமா, இல்லையா?

செய்யலாம். எந்தப் பெயரில் என்பதுதான் சிக்கல்.

இதில் மூன்று கதவுகள் இருக்கின்றன. எங்கள் ஆட்கள் மூன்றையும் ஒன்றாக நினைத்துக் குழம்புகிறார்கள். முதலாவது, டொக்டராக இருக்க அந்த நாட்டு மருத்துவ சபையின் அனுமதி. இரண்டாவது, நிபுணர் என்ற பட்டியலில் பெயர் ஏறுவது. மூன்றாவது, ஏதோ ஒரு ஆஸ்பத்திரி 'வாருங்கள், எங்கள் அவசரப் பிரிவில் நில்லுங்கள்' என்று வேலை தருவது. கனடாவின் குடும்ப வைத்தியருக்கு முதற்கதவு பல நாடுகளில் திறக்கும். மூன்றாவதும் ஆள் தட்டுப்பாடு உள்ள இடங்களில் திறக்கும். இரண்டாவது கதவில், 'அவசர மருத்துவ நிபுணர்' என்று எழுதிய பலகைக்குக் கீழே, பெரும்பாலும் பூட்டுத்தான். 3 வருடப் பயிற்சியை 5, 6 வருடப் பயிற்சிக்குச் சமமாகக் கணக்கெடுக்க எந்தக் கல்லூரியும் இலேசில் சம்மதிக்காது.

எனவே கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது: குடும்ப வைத்தியராக உள்ளே போங்கள், போன பிறகு எமர்ஜென்சிக்கு நடவுங்கள்.

அமெரிக்கா பக்கத்தில்தானே இருக்கிறது. அங்கே?

பக்கத்தில் இருப்பதால் இலேசு என்று நினைக்கவேண்டாம். அமெரிக்க அவசர மருத்துவ போர்டின் சான்றிதழ் வேண்டுமானால், அவர்கள் ஏற்றுக்கொண்ட அவசர மருத்துவ றெசிடென்சி, அதாவது ஆஸ்பத்திரியில் 3 அல்லது 4 வருடப் பயிற்சி, முடித்திருக்க வேண்டும். 'பயிற்சி இல்லை, ஆனால் பல வருட அனுபவம் இருக்கிறது' என்று சொல்லி உள்ளே வரும் வழியை 1988இல் மூடிவிட்டார்கள். கனடாவின் அந்த ஒரு வருடம் அங்கே கணக்கில் வராது.

ஆனால் அமெரிக்காவில் மாநில உரிமம் துறைவாரியாகப் பிரிக்கப்படுவதில்லை. உரிமம் இருந்தால் சட்டம் உங்களை அவசரப் பிரிவில் நிற்கவேண்டாம் என்று தடுக்காது. யாரை நிறுத்துவது என்பதை ஆஸ்பத்திரியே தீர்மானிக்கும். பெரிய நகர ஆஸ்பத்திரிகள் போர்டுச் சான்றிதழ் கேட்கும். கிராமப்புறச் சின்ன ஆஸ்பத்திரிகளில் குடும்ப வைத்தியர்கள்தான் அவசரப் பிரிவையே நடத்துகிறார்கள். அமெரிக்கக் குடும்ப மருத்துவ போர்டின் பரீட்சைக்கு இருக்கவும் கனடாத் தகுதி உள்ளவருக்கு வழி உண்டு. அனுபவமுள்ள குடும்ப வைத்தியர்களுக்கு அவசர மருத்துவச் சான்றிதழ் கொடுக்கும் வேறொரு போர்டும் இருக்கிறது. அதை எல்லா ஆஸ்பத்திரிகளும் மதிப்பதில்லை. காசு கட்ட முன் நீங்கள் போக நினைக்கும் ஆஸ்பத்திரியிடமே கேட்டுவிடுங்கள். விசாவுக்கு எந்தப் பரீட்சை வேண்டும் என்பது தனிக் கதை, அதற்கு ஒரு சட்டத்தரணியைப் பிடிக்கவேண்டும்.

லண்டனில் மாமா வீடு இருக்கு. அங்க போனால்?

மாமா வீடு இருப்பது வாடகைக்கு உதவும். பதிவுக்கு உதவாது.

பிரித்தானியாவில் பொது மருத்துவ சபை இரண்டு தனிப் பட்டியல்கள் வைத்திருக்கிறது: நிபுணர் பட்டியல், ஜீ.பீ. (குடும்ப வைத்தியர்) பட்டியல். அவசர மருத்துவத்தில் கன்சல்டன்ராக நிரந்தரப் பதவி பெற முதலாவதில் பெயர் இருக்கவேண்டும். அங்கே அந்தப் பயிற்சி 6 வருடம். வெளிநாட்டில் படித்தவர் ஒரு நிபுணருக்கு வேண்டிய அறிவும் அனுபவமும் தனக்கு உண்டு என்று ஆதாரம் காட்டி விண்ணப்பிக்கலாம். முன்பு சி.ஈ.எஸ்.ஆர். என்று சொன்ன வழி, 2023 நவம்பரிலிருந்து போர்ட்ஃபோலியோ வழி என்று பெயர் மாறியிருக்கிறது. பெயர் மாறினாலும் கடதாசி வேலை கொஞ்சமில்லை. செய்த சிகிச்சைகள், கற்பித்தது, கணக்காய்வு எல்லாவற்றுக்கும் கையொப்பத்துடன் அத்தாட்சி கட்டவேண்டும். குடும்ப வைத்தியராகத் தொடங்கியவருக்கு இது வருடக்கணக்கில் இழுக்கும்.

நடைமுறையில் பலர் செய்வது வேறு. கன்சல்டன்ருக்கு ஒரு படி கீழே, ஸ்பெஷல்ரி டொக்டர் என்ற நிலையில் அவசரப் பிரிவில் சேருகிறார்கள். அதற்கு நிபுணர் பட்டியல் தேவையில்லை, பதிவும் உரிமமும் போதும். சம்பளம் மோசமில்லை, பொறுப்பும் கொஞ்சம் குறைவு. பெருமை பார்க்காதவர்களுக்கு நல்ல இடம்.

அவுஸ்திரேலியா?

அங்கேயும் இதே கதைதான், ஆனால் படிகள் கூட. அவசர மருத்துவத்துக்கான கல்லூரி வெளிநாட்டு நிபுணர்களை 'முழுதாக ஒத்தவர்', 'பகுதியாக ஒத்தவர்', 'ஒவ்வாதவர்' என்று மூன்றாகப் பிரிக்கும். கூடுதல் ஒரு வருடக்காரர் முதற் பிரிவில் விழுவார் என்று எதிர்பார்க்கவேண்டாம்.

நல்ல செய்தி என்னவென்றால், நிபுணர் அல்லாதவர்களுக்கென்றே அதே கல்லூரி அவசர மருத்துவச் சேர்ட்டிபிக்கற், டிப்ளோமா என்று படிப்புகள் நடத்துகிறது. அதைவிட, கிராமப்புற மருத்துவத்துக்கென்று தனிக் கல்லூரியே வைத்திருக்கிறார்கள். குடும்ப வைத்தியராக இருந்துகொண்டு அவசர மருத்துவம், மயக்க மருந்து, மகப்பேறு என்று ஏதாவது ஒன்றில் ஆழமாகப் போகிறவரை அங்கே 'றூரல் ஜெனரலிஸ்ட்' என்பார்கள். கனடாவில் உங்கள் மகள் செய்வதற்கு உலகத்திலேயே கிட்டிய சொந்தக்காரர் இவர்தான்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். வெளிநாட்டில் படித்தவர் மெடிகெயார் என்ற அரச மருத்துவக் காப்புறுதி மூலம் காசு பெற்று ஜீ.பீ. நடத்துவதென்றால் பொதுவாக 10 வருடத் தடை ஒன்று இருக்கிறது. டொக்டர் தட்டுப்பாடான பகுதிகளில் வேலை செய்தால்தான் விலக்கு. சிட்னியில் சொந்தக்காரர் பக்கத்தில் கிளினிக் போடலாம் என்று கனவு காண்கிறவர்கள் முதலில் வரைபடத்தைப் பார்க்கவேண்டும்.

நீங்கள் போன நியூசிலாந்து எப்படி?

பக்கச்சார்பு இல்லாமல் சொல்வது கஷ்டம். இந்த மாதிரித் தகுதிக்கு அதிகம் பொருந்தும் நாடு அதுதான் என்பது என் எண்ணம். கனடாவை 'ஒத்த சுகாதார முறை உள்ள நாடு' என்று அவர்களின் மருத்துவ சபை வைத்திருப்பதால், அங்கே அண்மையில் தொடர்ந்து சில வருடம் வேலை செய்தவருக்குப் பொதுப் பதிவு கிடைக்கும் வழி இருக்கிறது. 'கிராமப்புற ஆஸ்பத்திரி மருத்துவம்' என்று ஒரு தனித்துறையை 2008இலிருந்து அங்கீகரித்து வைத்திருக்கிறார்கள். 'உடனடிக் கவனிப்பு' என்றும் ஒரு துறை உண்டு. குடும்ப வைத்தியம் ஒரு கால், எமர்ஜென்சி ஒரு கால் என்று நிற்பவருக்கு இப்படி உத்தியோகபூர்வப் பெயரே இருப்பது பெரிய விஷயம். வேறு நாடுகளில் 'நீ யார்?' என்று கேட்டால் இரண்டு வசனம் சொல்லவேண்டும்.

துபாய், கட்டார்?

அங்கே எல்லாம் உரிமத்தில் எந்தத் தலைப்பு எழுதப்படுகிறது என்பதில் தங்கியிருக்கிறது. சான்றிதழ்களை டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் மூலம் மூலத்திலேயே சரிபார்ப்பார்கள். கனடாக் குடும்ப மருத்துவத் தகுதிக்கு மதிப்பு உண்டு. வேலைக் கடிதத்தில் 'அவசரப் பிரிவு' என்றும் உரிமத்தில் 'குடும்ப மருத்துவம்' என்றும் இருந்தால், கையொப்பம் வைக்க முன் எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.

யாழ்ப்பாணத்துக்கே திரும்பி வந்து வேலை செய்ய விரும்பினால்?

இந்தக் கேள்வி வரும்போது எனக்கு மனம் கொஞ்சம் இளகும். மானிப்பாயில் சமுவேல் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் 19ஆம் நூற்றாண்டில் தமிழிலேயே மேலைத்தேய மருத்துவம் கற்பித்த ஊர் இது. அவரிடம் யாரும் பதிவிலக்கம் கேட்டிருக்கமாட்டார்கள். இப்போது கேட்பார்கள்.

இலங்கையில் வேலை செய்ய இலங்கை மருத்துவ சபையில் பதிவு வேண்டும். வெளிநாட்டில் பட்டம் எடுத்த இலங்கைப் பிரசை, சபை அங்கீகரித்த பல்கலைக்கழகத்தில் படித்தவராக இருந்து, ஈ.ஆர்.பி.எம். பரீட்சையில் தேறவேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவருக்குத் தற்காலிகப் பதிவு என்று ஒரு வழி இருக்கிறது, அது குறிப்பிட்ட இடத்துக்கும் காலத்துக்கும் மட்டும். கனடாவில் பிறந்த பிள்ளை என்றால் குடியுரிமை அலுவலை முதலில் பாருங்கள், மருத்துவ அலுவல் பிறகு. அரச ஆஸ்பத்திரியில் கன்சல்டன்ர் பதவி என்பது கொழும்புப் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தின் வழியாகப் போகிறது. அவசர மருத்துவத்துக்கும் குடும்ப மருத்துவத்துக்கும் அங்கே தனித்தனி எம்.டி. இருக்கிறது. கனடாவின் கலப்பு அந்த இரண்டு பெட்டியிலும் சரியாக அடங்காது.

கடதாசியை விடுவோம். வேலைக்குள் இறங்கினால் வேறொரு பாடம் காத்திருக்கிறது. வயலில் வேலை செய்த ஒருவரைக் கண்ணாடி விரியன் கடித்துக் கொண்டுவந்தால், நாங்கள் முதலில் செய்வது கொஞ்சம் இரத்தத்தை எடுத்து, சுத்தமான காய்ந்த கண்ணாடிக் குழாயில் ஊற்றி, அசைக்காமல் மேசையில் வைப்பது. 20 நிமிடம் கழித்துக் குழாயை ஒருமுறை சரித்துப் பார்ப்போம். இரத்தம் உறையாமல் ஓடினால் நஞ்சு ஏறியிருக்கிறது. மிஷின் ஒன்றும் இல்லை, ஒரு குழாயும் சுவர் மணிக்கூடும் போதும். சீ.ரி. ஸ்கானோடு வளர்ந்த கனடா டொக்டருக்கு இது கண்கட்டு வித்தை மாதிரி இருக்கும். எட்டடி விரியன் கடித்தவர் பாயில் படுத்தபடியே, கடித்த இடத்தில் வீக்கமில்லாமல், இமை சோர்ந்து வருவார். அதை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார், பார்க்காதவர் தவறவிடக்கூடும். பூச்சிமருந்து குடித்தவர், டெங்கு அதிர்ச்சி, இவையும் அப்படித்தான். மறுபக்கம், எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவான ஈ.ரி.யு.வில் பழகியவர் கனடாவில் பனியில் விறைத்த உடம்பையோ ஒபியோயிட் அதிகமாக எடுத்து மூச்சு நின்றவரையோ முதன்முதல் பார்த்துத் தடுமாறுவார். இரு பக்கமும் ஆறு மாதம் அடக்கமாக இருந்து பழகவேண்டும்.

திருவிழாவுக்கு வந்த டொக்டர், கோயில் வீதியில் ஒருவர் மயங்கி விழுந்தால்?

தாராளமாக உதவலாம். நெஞ்சை அழுத்துவதற்குப் பதிவு தேவையில்லை. 1990க்கு அழைக்கச் சொல்லுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் 2018 ஜூலையிலிருந்து வடக்கிலும் ஓடுகிறது. ஆனால் பெரியம்மாவுக்கு மருந்துச் சீட்டு எழுதிக் கொடுப்பது, வீட்டில் சேலைன் ஏற்றுவது எல்லாம் வேண்டாம். பதிவில்லாமல் அது சட்டப்படி தவறு.

நான் இங்கே எம்.பி.பி.எஸ். முடித்து, ஈ.ரி.யு.வில் 4 வருடம் நின்றிருக்கிறேன். கனடாவில் எமர்ஜென்சி டொக்டராகலாமா, அண்ணா?

முதலில் கனடிய மருத்துவ சபையின் முதற்பகுதிப் பரீட்சை, பிறகு என்.ஏ.சி. என்ற செயன்முறைப் பரீட்சை. இரண்டாம் பகுதி 2021இல் நிறுத்தப்பட்டது, பழைய புத்தகத்தை வைத்து அதற்குப் படிக்கவேண்டாம். பிறகு றெசிடென்சிப் போட்டி. வெளிநாட்டில் படித்தவர்களுக்கு 5 வருட அவசர மருத்துவத்தில் கிடைக்கும் இடங்கள் மிகச் சில, குடும்ப மருத்துவத்தில்தான் அதிகம். அதனால் உங்களைப் போன்றவருக்கு அந்த இரண்டு வருடமும் மேலதிக ஒரு வருடமும்தான் நடக்கக்கூடிய பாதை.

இங்கே குடும்ப மருத்துவத்தில் பட்டப்பின் பயிற்சி எடுத்துச் சில வருடம் வேலை செய்தவருக்கு இன்னொரு வழி உண்டு. 'வேலைக்குத் தயாரா' என்று 12 வாரம் கூடவே நின்று பார்த்து உரிமம் தரும் திட்டம் பல மாகாணங்களில் இருக்கிறது. ஒன்ராறியோவும் 2023இல் தொடங்கியது. பதிலுக்கு ஒதுக்குப்புற ஊரில் சில வருடம் கட்டாய சேவை செய்யவேண்டும். ஊர்காவற்றுறையில் நின்றவருக்கு அது பெரிய தண்டனை இல்லை.

லண்டன் பக்கம் யோசித்தால், எம்.ஆர்.சி.ஈ.எம். என்ற பிரித்தானிய அவசர மருத்துவப் பரீட்சையை முழுதாக முடித்தவருக்கு, வெளிநாட்டு டொக்டர்களுக்கான பிளாப் பரீட்சை தேவையில்லை. ஆங்கிலத்துக்கு ஐ.ஈ.எல்.ரி.எஸ்.இல் மொத்தம் 7.5, ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 7. எங்கள் ஆட்கள் விழுவது எழுத்தில்தான், பேச்சில் இல்லை.

ஏ.சி.எல்.எஸ்., ஏ.ரி.எல்.எஸ். காட் எல்லாம் இருக்கு. அது போதாதா?

போதாது. அவை இதயம் நின்றவரையும் விபத்தில் அடிபட்டவரையும் காப்பாற்றச் சொல்லித்தரும் சில நாள் பயிற்சிகள், காலாவதியாகும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இருக்கவேண்டும், ஆனால் அவற்றைக் காட்டி யாரும் உங்களை அவசர மருத்துவர் என்று ஏற்கமாட்டார்கள். குடும்ப வைத்தியர்கள் தெற்காசியாவில் எழுதும் எம்.ஆர்.சி.ஜீ.பி. சர்வதேசப் பரீட்சையும் அப்படித்தான். நல்ல பரீட்சை, ஆனால் அதை வைத்துப் பிரித்தானியாவில் ஜீ.பீ. பட்டியலில் ஏறமுடியாது. பெயர் ஒன்றாக இருப்பதால் பலர் ஏமாறுகிறார்கள்.

விண்ணப்பத்தில் எது அதிகம் இழுபடும்?

பரீட்சை என்று நினைப்பீர்கள். பெயர்தான்.

என் பட்டச் சான்றிதழில் தகப்பன் பெயர் முன்னால், என் பெயர் பின்னால். கடவுச்சீட்டில் மாறி. பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயரின் ஆங்கில எழுத்துகளில் ஒரு 'எச்' அதிகம். வெளிநாட்டு அலுவலகம் ஒன்று, இவை மூன்றும் மூன்று மனிதர்கள் என்ற முடிவுக்கு வந்து எனக்கு ஒரு மரியாதையான கடிதம் அனுப்பியது. சமாதான நீதவானின் சத்தியக் கடதாசி போதாது, வேறு ஆதாரம் வேண்டும் என்றார்கள். அந்த ஒரு 'எச்'சைத் தீர்க்க 4 மாதம் போனது. இதற்கிடையில் ஆங்கிலப் பரீட்சைப் பெறுபேறு காலாவதியாகி, அதையும் திரும்ப எழுதினேன்.

இடப்பெயர்வில் மூலப்பத்திரங்களைத் தொலைத்த குடும்பங்களுக்கு இது இன்னும் கொடுமை. எனவே மருத்துவ பீடத்தில் இருக்கும்போதே கடவுச்சீட்டுப் பெயரையும் பட்டப் பெயரையும் ஒரே எழுத்தில் ஆக்கிவிடுங்கள். உள்ளகப் பயிற்சிக் கடிதத்தில் திகதிகள் நாளோடு இருக்கட்டும். மருத்துவ சபையின் நன்னடத்தைச் சான்றிதழைக் கடைசியில் எடுங்கள், அதற்கும் ஆயுள் குறைவு. கனடாவில் படித்தவர்களும் அந்த மேலதிக ஒரு வருடத்தில் செய்த நடைமுறைகளின் பதிவேட்டைப் பத்திரமாக வையுங்கள். பத்து வருடம் கழித்துக் கேட்டால் மேற்பார்வை செய்தவர் ஓய்வு பெற்றிருப்பார்.

எல்லைகளற்ற மருத்துவர்கள் போன்ற அமைப்புகளில்?

இந்தத் தகுதியை அதிகம் விரும்புகிறவர்கள் அவர்கள். சகலதையும் பார்க்கக்கூடிய டொக்டர்தான் அவர்களுக்கு வேண்டும், நிபுணர் பட்டியல் பற்றிக் கவலைப்படமாட்டார்கள். போர்க்காலத்தில் பருத்தித்துறை ஆஸ்பத்திரியில் அவர்கள் நின்றதை வடமராட்சிக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒன்று மட்டும்: டொக்டர் மேல் வழக்கு வந்தால் கைகொடுக்கும் கனடாவின் மருத்துவப் பாதுகாப்புக் காப்பு வெளிநாட்டில் செய்யும் வேலைக்குப் பொதுவாகச் செல்லாது. எங்கே போனாலும் அங்கே யார் காப்பு என்று கேட்டுவிட்டுப் போகவேண்டும்.

கடைசியாக ஒன்று, தம்பி. கலியாணப் பேச்சில 'ஸ்பெஷலிஸ்ட்' எண்டு போடலாமோ?

குடும்ப மருத்துவமும் ஒரு சிறப்புத்துறைதான் என்று கனடாக் கல்லூரி சொல்லும். ஆனால் அந்தச் சொல்லை யார் விளம்பரத்தில் போடலாம் என்பதில் மருத்துவ சபைகள் கண்டிப்பு. 'அவசரப் பிரிவு டொக்டர்' என்று போடுங்கள், பொய்யுமில்லை, குறைவுமில்லை. மாதத்தில் பல இரவு வேலை, தைப்பொங்கலுக்கும் வருடப்பிறப்புக்கும் லீவு நிச்சயமில்லை என்பதையும் மாப்பிள்ளை வீட்டுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அன்ரி. சாதகத்தில் அது வராது.